வளையத்துக்குள் போகாத போத்து

1986 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். காற்று இல்லை. முந்தின இரவு மேற்கே மலைமேல் இடி இடித்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. விடிந்ததும் புழுக்கம் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துக்குப் போகும் பாதையில் இருந்த என் தொண்ணூறு சென்ட் நிலத்தின் முன்னால் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறையக் கிளுவைப் போத்து.

போத்து என்றால் வேரில்லாமல் வெட்டி நடுகிற கொம்பு. முருங்கையை அப்படித்தானே நடுகிறோம். மண்ணில் ஊன்றினால் தானாக வேர் பிடித்துத் துளிர்க்கும். நெருக்கமாக வரிசை பிடித்து நட்டால் உயிர்வேலி ஆகிவிடும். ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன போத்துக்காரர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்ததால்தான் நேரம் இன்னும் நினைவில் இருக்கிறது. எல்லாக் கோளாறும் அந்த நாற்பது நிமிடத்தில் தொடங்கியதாகவே எனக்கு ஓர் எண்ணம்.

நான் முப்பத்தொரு வருடம் ஒரு பஞ்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்தவன். உள்ளே வரும் எந்தச் சாமானையும் பெயரைக் கேட்டு எடுத்துக்கொண்டதில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அளவில் ஏமாற்ற முடியாது. போல்ட் வந்தால் கேஜில் வைத்துப் பார்ப்பேன், பெல்ட் வந்தால் டேப் பிடிப்பேன். கேட்ட அளவு இல்லையென்றால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். அதனால் எனக்குக் கெட்ட பெயர் உண்டு, ஆனால் என் காலத்தில் அளவு தப்பிய சாமானால் மெஷின் ஒரு நாளும் நின்றதில்லை.

ஓய்வு பெற்றபோது வந்த கிராஜுவிட்டியில் இந்த நிலத்தை வாங்கினேன். வீட்டுக்கு மேல் மாடி எடுத்து வாடகைக்கு விடலாம் என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. முப்பது அடிக்கு ஒன்றாக முப்பத்தாறு ஒட்டு மாங்கன்று நட்டேன். பதினெட்டு சப்பட்டை, பதினெட்டு பஞ்சவர்ணம். இரண்டும் எங்கள் ஊர் மாம்பழங்கள். கன்று ஒன்று எட்டு ரூபாய். ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போக ஐந்து வருடம் ஆகும். அந்த ஐந்து வருடம் அவற்றைக் காப்பாற்றிவிட்டால் போதும், பிறகு மரம் என்னைக் காப்பாற்றும் என்பது என் கணக்கு. அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்திருந்தது. முளைக்க வைத்து வளர்க்க நேரமில்லாத வயது. முப்பத்தாறும் பிழைக்க வேண்டும்.

முதலில் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடைத்தேன். பாதியைக் கரையான் தின்றது, மீதி ஒவ்வொரு சாயங்காலமும் யாருடைய அடுப்புக்கோ போயிற்று. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: கிளுவை வேலி வையுங்கள், மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

அதையும் நான் வாய்வார்த்தையில் விடவில்லை. வத்திராயிருப்பு போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் ஒரு பழைய கிளுவை வேலியைப் பார்த்து அங்கேயே இறங்கினேன். டேப்பை எடுத்து அடித்தண்டுகளை அளந்தேன். அறுபது தண்டு அளந்திருப்பேன். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"என்ன சார், வேலிக்குச் சட்ட தைக்கப் போறீகளா?"

"இல்ல, பருமன் பார்க்கேன். இது எப்ப நட்டது?"

"எங்கய்யா நட்டது. முப்பது வருசத்துக்கு மேல இருக்கும். நடுதப்ப வெரல் தண்டிதான் இருந்துச்சு."

முப்பது வருடத்தில் விரல் தண்டி, மணிக்கட்டுத் தண்டி ஆகியிருக்கிறது. அப்படியானால் மணிக்கட்டுத் தண்டிப் போத்தையே நட்டுவிட்டால் முப்பது வருடம் மிச்சம். யாருக்கும் இது தோன்றாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஸ்டோரில் கழித்துப்போட்ட ஒரு பேரிங் வளையம் என்னிடம் இருந்தது. உள்ளளவு சரியாக மணிக்கட்டுப் பருமன். அதுதான் என் கேஜ். வளையத்துக்குள் போகிற போத்து வேண்டாம், போகாத போத்து வேண்டும். ஆறடி நீளம், கோணல் கூடாது. மரஞ்செடியை இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. கோடையில் இலையும் இல்லை. உருவமும் அளவும் போதும் என்று நினைத்தேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வண்டியில் இருந்த போத்துகளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுகூட நேராக இல்லை. நாலடிக்கு மேல் நீளம் இல்லை. விரல் தண்டி, கூடிப் போனால் இரண்டு விரல் தண்டி. பக்கத்துக்குப் பக்கம் கிளை, கிளை நுனியெல்லாம் முள். கையில் எடுத்த முதல் போத்தே என் கட்டை விரலைக் கிழித்தது. வளையத்துக்குள் விட்டேன், கிணற்றில் வாளி போவதுபோலப் போயிற்று.

"என்னய்யா இது? அம்புட்டும் கோணலும் மாணலுமா இருக்கு?"

"கிளுவன்னா அப்படித்தான் சார் இருக்கும். வேலிக்குத்தான நடப்போறீக, பந்தக்காலுக்கா?"

"நான் சொன்ன அளவு என்ன?"

"அளவு கெடக்கட்டும் சார். நட்டுப் பாருங்க, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு ஒரு கோழி உள்ள வராது."

"எனக்கு வளையத்துக்குள்ள போகாத போத்து வேணும். ஆறடி. நேரா. இது ஒண்ணும் வேண்டாம், திருப்பிக் கொண்டு போரும்."

அவர் வளையத்தை வாங்கித் தன் கையில் நுழைத்துப் பார்த்தார். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டது. சிரமப்பட்டுக் கழற்றிக் கொடுத்தார்.

"இந்தத் தண்டிக்கு, ஆறடிக்கு, நேரா."

"ஆமா."

"சரி சார். அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாந்துருதேன்."

இவ்வளவுதான் பேச்சு. இதை வார்த்தைக்கு வார்த்தை எழுதக் காரணம் இருக்கிறது. பின்னால் இதே பேச்சை அவர் வேறு விதமாகத் திருப்பினார்.

அடுத்த ஞாயிறு முன்னூற்றுத் தொண்ணூறு போத்து வந்து இறங்கியது. நிலத்தின் சுற்றளவு எழுநூற்றுத் தொண்ணூறு அடி. பத்தடி வாசலுக்குப் போக எழுநூற்றெண்பது. போத்து தடியாக இருப்பதால் இரண்டடிக்கு ஒன்று போதும் என்பது என் தீர்மானம். இரண்டடிக்கு ஒன்று என்றால் முன்னூற்றுத் தொண்ணூறு இல்லை, முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று. தொடக்கத்தில் நிற்கிற ஒன்றை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒன்றுக்காக அவரை மறுபடி அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போய்க் கொண்டுவந்தார். போத்து முக்கால் ரூபாய்.

அழகான சரக்கு. சாம்பல் நிறத்தில் வழவழவென்று பட்டை, தச்சன் இழைத்ததுபோல நேர். மூன்றே மூன்றுதான் வளையத்துக்குள் போயின, அவற்றை மாற்றிக் கொடுத்தார். முள் இல்லையே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. வத்திராயிருப்புப் பாதையில் அளந்த பழைய வேலியில் அடித்தண்டில் முள் உதிர்ந்து வழவழப்பாக இருந்தது நினைவுக்கு வந்தது. தடித்தால் முள் போய்விடும், சிறு கிளையில் பிறகு வரும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். மூன்று ஆளை வைத்து இரண்டு நாளில் நட்டு முடித்தோம். நூல் பிடித்துத்தான் நட்டோம்.

என் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"வேலி மாதிரி இல்லைங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ப்ரேயருக்கு நிக்கிற மாதிரி இருக்கு."

வடக்கே அடுத்த நிலம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவருடையது. நல்ல மனிதர். பதினான்கு ஆடு வைத்திருந்தார், அதுதான் அவரிடம் இருந்த ஒரே குறை. அவர் கடைசிப் போத்திலிருந்து முதல் போத்து வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பரேட் டிரெஸ்ஸிங் மாதிரி வரிசை பிரமாதம் சார். ஒரு ஆள் வெலகி நிக்கல."

"துளிர்த்து அடைக்கிற வரைக்கும் உங்க ஆடுகளைச் செத்த பார்த்துக்கிடுங்க."

"நான் பார்த்துக்கிடுவேன் சார். ஆனா ஆடு என்ன பட்டாளமா, ஹால்ட்னா நிக்கதுக்கு?"

ஜூனில் முதல் சாரல் விழுந்ததும் துளிர்த்தது. முன்னூற்றுத் தொண்ணூற்றொன்றும் துளிர்த்தது. ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. அந்த ஒரு வாரம் நான் யாரைப் பார்த்தாலும் அதைச் சொன்னேன். கருஞ்சிவப்பாக முளைவிட்டு மெல்ல விரிந்து பச்சையானது. விரிந்த பிறகுதான் எண்ணினேன். கிளுவைக்கு ஒரு காம்பில் சின்னச் சின்னதாக மூன்று இலை இருக்கும், அந்தப் பழைய வேலி சாரலுக்குத் துளிர்த்ததும் போய்ப் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு காம்புக்கு ஏழு. சிலவற்றில் ஒன்பது. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளத்துக்குமேல். அதுவும் போத்தின் உச்சியில் மட்டும், ஒரு கொத்தாக. இடுப்புக்குக் கீழே ஒரு துளிர் இல்லை. இன்னொரு காம்பைப் பறித்து எண்ணினேன், அதிலும் ஏழு. ஆனாலும், போத்து தடித்தது, அதனால் இலையும் பெரிது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதன் தன் காசைப் போட்ட இடத்தில் எதைத்தான் நினைக்கமாட்டான்.

ஆடி மாதம் ஒரு நாள் ஒரு கொத்தைப் பறித்து நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஒருவர் கோர்ட்டுக்குப் பின்னால் குடியிருந்தார். எனக்கு ஒரு கல்யாண வீட்டில் பழக்கம். பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் பொட்டலம் நசுங்கி, அவர் வீட்டில் பிரித்தபோது கீரைக்கட்டு மாதிரி இருந்தது.

"முள் இருக்கா?" என்றார்.

"இல்லை."

"முள் இல்லாத கிளுவையும் ஒண்ணு உண்டு. மலைச்சரிவுல மரமா நிக்கும். மாங்கிளுவைம்பாங்க. கசக்கினா மாங்காய் வாசம் வரும்." கசக்கி முகர்ந்தார். என்னிடமும் கொடுத்தார். அச்சு மை வாசம்தான் வந்தது.

"அப்ப இது அதுவா?"

"எப்படிச் சொல்ல? மீசையில ஒரு மயிரைக் கொண்டாந்து ஆள் யாருன்னு கேக்கீங்க. ஆளைப் பார்க்கணும் சார். எம்புட்டு உயரம் போகுது, கீழேருந்து கிளைக்குதா, மேல போய்க் கிளைக்குதா, பட்டை உரியுதா, எப்ப இலை உதிருது. செடிக்கு உருவம் வரணும். ரெண்டு வருசம் விட்டுப் பாருங்க, அதுவே தெரியும்."

இரண்டு வருடம்! வேலி வேண்டியவனிடம் சொல்கிற பதிலா இது? அவர் காபி கொடுத்தார், குடித்தேன். சர்க்கரை கூடுதல். உருவம் வந்த பிறகு கண்டுபிடிப்பதற்குப் படித்தவர் எதற்கு என்று கேட்க வாய் வந்தது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

ராஜபாளையம் வந்து இறங்கி நேரே நிலத்துக்குப் போனேன். என் மனைவி வாசலில் கையில் ஒரு குச்சியோடு நின்றாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அஞ்சு," என்றாள். "வடக்கு வரிசையில. மூணு சப்பட்ட, ரெண்டு பஞ்சவர்ணம். நான் வந்து வெரட்டுததுக்குள்ள தண்டத் தவுர ஒண்ணும் மிச்சமில்ல."

நான் போய் ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே கடித்திருந்தால் ஒட்டு போயிற்று. பிறகு துளிர்ப்பது வெறும் காட்டு மா. ஐந்தும் அதற்குக் கீழேதான்.

திரும்பி வரும்போது அவள் கேட்டாள்: "பால்கோவாவாவது வாங்கியாந்தீகளா?"

வாங்கவில்லை.

அடுத்த இரண்டு வருடம் நான் நிலத்தின் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்த மரங்களைப் பார்த்தபடியே கழித்தேன். அவர் சொன்ன உருவம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் உயரத்தையும் பருமனையும் அளந்தேன். முதல் வருடம் எட்டடி. இரண்டாம் வருடம் பன்னிரண்டு. கிளுவை தன் உடம்பைக் கீழேயே வைத்துக்கொள்கிற செடி. தரையிலிருந்தே கிளைத்து, கிளை கிளையோடு பின்னி, முள்ளைக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்கும். இவை ஒவ்வொன்றும் தலையை மட்டும் உயர்த்திக்கொண்டு போயின. உச்சியில் குடை, கீழே மொட்டைக் கால். இரண்டு காலுக்கு நடுவே இரண்டடி இடைவெளி. நான் ஆட்டுக்கு முன்னூற்றுத் தொண்ணூறு கதவு வைத்த ஒரு வீடு கட்டியிருந்தேன்.

கன்றைச் சுற்றி முள் கூடு கட்டினேன். காற்றில் சாய்ந்தது, மறுபடி கட்டினேன். 1987-இல் ஒன்பது கன்று போயிற்று. 1988 கோடைக்குள் இன்னும் எட்டு. முதல் ஐந்தோடு சேர்த்து இருபத்திரண்டு. மீதி பதினான்கு. பட்டாளத்துக்காரர் ஒவ்வொரு முறையும் ஓடி வந்து வருத்தப்பட்டார். ஒரு தடவை மனம் பொறுக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"தப்பா எடுத்துக்கிடாதீக சார். ஆடு உங்க மாங்கன்றுக்கு வரல. உங்க வேலிக்குத்தான் வருது. அந்த எலைன்னா அதுகளுக்கு உசுரு. கீழ விழுந்தத மேயுதப்ப, போற போக்குல கன்றையும் ஒரு வாய் பார்த்துட்டுப் போகுது."

ஆட்டைத் தடுக்க வைத்த வேலி ஆட்டை அழைத்துக்கொண்டிருந்தது. அதற்கு நான் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறேன்.

அந்தக் கோடையில் மரங்கள் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு, மொட்டைக் கொம்பு நுனியில் மஞ்சளாகச் சரம் சரமாகப் பூத்தன. இனி விறகாகவாவது விற்றுவிடலாம் என்று ராஜபாளையத்தில் ஒரு விறகுக்கடைக்காரரை அழைத்து வந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவே இல்லை. கூட வந்த தம்பியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள்.

"என்ன?" என்றேன்.

"சார், இத்தன ஒதி மரத்த ஒரே எடத்துல நான் பார்த்ததில்ல."

"ஒதியா?"

"ஒதிதான். எரியாது சார், பொகையும். பலக அறுத்தா உளுத்துரும். ஒதி பெருத்தா உத்திரத்துக்காகுமான்னு சொல்லுவாகள்ல?"

சொல்வார்கள். எட்டாம் வகுப்பில் அந்தப் பழமொழியை விளக்கி எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான். உருவம் மட்டும் பெருத்து உள்ளே உறுதியில்லாதவரை இது குறிக்கும் என்று எழுதினேன். மரத்தைக் காட்டி இதுதான் என்று அன்றைக்கு எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் நான் வேலைக்குப் போன பாதையிலும் இரண்டு ஒதி நிற்கிறதாம், பிறகு சொன்னார்கள்.

போத்துக்காரரைச் சந்தையில் பிடித்தேன். கருவாட்டுக்கடை ஓரமாக நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"கிளுவைன்னு சொல்லி ஒதிய வித்துட்டீரே, நியாயமா?"

"நான் எங்க சார் கிளுவன்னு சொன்னேன்? கிளுவய மொதல்ல கொண்டாந்தேன். வேண்டாம்னு வெரட்டிட்டீக. பொறவு நீங்க வளையத்தத்தான நீட்டுனீக? வளையத்துக்கு என்ன பேரு சார் இருக்கு?"

"கிளுவை கேட்ட ஆளுக்கு ஒதின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"படிச்ச மனுசன், அளவு கருவியெல்லாம் வச்சிருக்கீக, தெரிஞ்சுதான் கேக்கீகன்னு நெனச்சேன்." பீடியை ஓர் இழுப்பு இழுத்தார். "ஒண்ணு பட்டுப்போச்சா சொல்லுங்க?"

பட்டுப்போகவில்லை. அதுதான் என் புகார். கருவாட்டுக்கடைக்காரர் வேறு எங்கள் இருவரையும் சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பரீட்சார்த்தமாக வடக்கு வரிசையில் நாற்பது மரம். வெட்டிய ஆட்கள் கொம்பையும் தண்டையும் வாய்க்கால் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் கூலி வாங்கத்தான் வந்தார்கள். ஐப்பசியில் மழை. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். வெட்டிய நாற்பது அடிக்கட்டையும் துளிர்த்திருந்தது. வாய்க்கால் கரையில் படுத்துக் கிடந்த தண்டுகளில் இருபத்தாறு, கிடந்த கிடையிலேயே வேர் விட்டு நிமிர்ந்துகொண்டிருந்தன. நாற்பதை வெட்டப் போய், முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று நானூற்றுப் பதினேழு ஆயிற்று.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என் மனைவி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த நெலத்த வித்துட்டா என்ன?"

"பதினாலு கன்று இருக்கு."

"அதுதாங்க கேக்கேன். பதினாலுக்காகவா?"

"பதினாலுக்காகத்தான்."

அவள் எழுந்து போய்விட்டாள். அவள் எப்போதோ அந்தப் பேரிங் வளையத்தை அடுக்களைக்கு எடுத்துப்போயிருந்தாள். சூடான காபி டம்ளரை அதன்மேல்தான் வைப்பாள். தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் காபி குடித்தேன்.

மேற்கொண்டு இரண்டு வருடம் பதினான்கையும் முள் கூட்டுக்குள் வைத்துப் பாதுகாத்தேன். விடிந்ததும் போவேன், இருட்டியதும் வருவேன். பட்டாளத்துக்காரரோடு பேச்சும் குறைந்துபோயிற்று. 1991-இல் தாங்காமல் முள்கம்பி வாங்கினேன். எழுபத்தெட்டு கிலோ, கிலோ பத்தொன்பது ரூபாய். கம்பி கட்ட வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கல்லுக்கால் எங்க சார் எறக்கியிருக்கீக?"

கல்லுக்கால் வாங்கக் காசில்லை என்று சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டேன். இரண்டடிக்கு ஒன்றாக, நூல் பிடித்த வரிசையில், சாயாமல், ஒன்றுகூடப் பட்டுப்போகாமல், வெட்டிய நாற்பதும் மறுபடி ஓங்கி, நின்றுகொண்டிருந்தன அத்தனையும். அவற்றிலேயே ஆணி அடித்து மூன்று வரிசைக் கம்பி கட்டச் சொன்னேன். அவர் மெச்சினார். எனக்கு அந்த மெச்சலில் ஒரு சந்தோஷமும் இல்லை. இந்தக் கம்பியை 1986-இல் பத்தடிக்கு ஒரு கல் ஊன்றிக் கட்டியிருந்தால் முப்பத்தாறும் இருந்திருக்கும். இப்போதோ வருடத்துக்கு வருடம் மரம் பருத்து, ஆணியையும் கம்பியையும் பட்டைக்குள் இழுத்துக்கொண்டே போகிறது. அவிழ்க்கவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

ஆடு அதற்குப்பின் வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் சாய்கிற கிளைகளைப் பட்டாளத்துக்காரர் வெட்டி ஆட்டுக்குப் போட்டுக்கொள்கிறார். கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறார்.

1992 மே மாதம் பதினான்கில் ஏழு மரம் காய்த்தது. ஏழு மரத்திலும் சேர்த்துப் பத்தொன்பது காய். அணிலும் கிளியும் எடுத்தது எட்டு. பதினொன்றை நானே பறித்து, துண்டில் முடிந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இரண்டைப் பட்டாளத்துக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள் என் மனைவி. நான் ஒன்று போதும் என்றேன். அவள் இரண்டுதான் கொடுத்தாள்.

பழுத்ததும் முதலில் ஒரு பஞ்சவர்ணத்தை நறுக்கி என் முன்னால் வைத்தாள். தானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, கொட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, எல்லாம் சேர்த்து எம்புட்டு ஆயிருக்கும்?"

நிலத்தின் விலையைச் சேர்க்காமல் சொன்னேன். போத்து, நட்ட கூலி, வெட்டிய கூலி, வெட்டியதை அப்புறப்படுத்திய கூலி, கம்பி, ஆணி, கம்பி கட்டியவருக்குக் கொடுத்தது, ஆடு தின்ற இருபத்திரண்டு கன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்த செலவு: இரண்டாயிரத்து எண்ணூற்று முப்பத்தேழு ரூபாய்.